கெய்ட்டாவுக்குப் புறப்படும் பிள்ளைக்கு

கண்ணு, தான்சானியாவின் கெய்ட்டாப் பக்கம் சிறு தங்கச் சுரங்கக்காரர்களோடு வேலை செய்யப் போகிறாய் என்று கேட்டு மனம் நிறைந்தது. அங்கே நான் பட்டுத் தெரிந்துகொண்டதில் சிலவற்றை எழுதுகிறேன்.

1. முதல் வாரம் எதையும் கற்றுக்கொடுக்காதே. கல்லை உடைப்பது, ‘கராஷா’ எந்திரத்தில் அரைப்பது, துணி விரித்த சாய்பலகையில் கழுவுவது, தங்கிய கருமணலில் பாதரசத்தைக் கையால் பிசைவது, துணியில் பிழிந்த உருண்டையை நெருப்பில் சுடுவது எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து பார். நான் போன மூன்றாம் நாளே ஓர் அம்மாவிடம், “இது விஷம், விட்டுவிடுங்கள்” என்றேன். “விட்டால் ராத்திரி பிள்ளைகளுக்கு உகாலிக் களி யார் கிண்டித் தருவார், நீயா?” என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் மிச்ச வருஷங்கள் போயின.

2. அவர்கள் தங்கம் அவர்கள் கண்ணை விட்டு மறையக் கூடாது. பாதரசம் 357 டிகிரியில் கொதித்து ஆவியாகும். வாலை என்ற மூடிய வடிகலத்தில் சுட்டால் அந்த ஆவி குளிர்ந்து பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும், மறுபடி பயன்படும். இதை நம்பி இரும்பு வாலையைத் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைத் திறந்ததும் ஒரு பெரியவர், “இவ்வளவு மணலுக்கு இதைவிடக் கூடுதலாக வரும்” என்றார். வந்திருக்குமா, வராதா, சொல்ல என்னிடம் வழியில்லை. உள்ளே நடந்ததை யாரும் பார்க்கவில்லை. கைக்காசைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். ஆனால் என்னிடம் மறுபடி மணல் கொடுக்க அவருக்கு ஒரு வருஷம் ஆயிற்று. நீ ஒரே மணலை இரண்டு சம பங்காக்கு. ஒன்றை அவர்கள் தங்கள் வழியில் செய்யட்டும், மற்றதை உன் வழியில் செய். இரண்டையும் அவர்கள் தராசிலேயே நிறு.

3. நம் ஊர்ப் பத்தர் தங்கம் உருக்கும்போது வெண்காரம் போடுவாரே, அதைக் கொண்டே பாதரசம் இல்லாமல் தங்கம் எடுத்தவர்கள் பிலிப்பைன்ஸின் பெங்கெட் மலைச் சுரங்கக்காரர்கள். டென்மார்க் புவியியலாளர் பீட்டர் ஆப்பெல் அதைப் பிற நாடுகளுக்குக் கொண்டுசென்றார். தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும். வெண்காரம் சேர்ந்தால் கூட இருக்கும் கனிமங்கள் எளிதில் இளகிக் கண்ணாடிபோல் மேலே நிற்கும்; தங்கம் அடியில் மணியாகத் திரளும். மணலை நன்றாகக் கழுவிச் செறிவாக்காவிட்டால் மணி திரளாது. எல்லாக் கல்லுக்கும் இது ஒத்தும் வராது. வராத இடத்தில் வரவில்லை என்று வாய் திறந்து சொல்லிவிடு. நான் ஒருமுறை மழுப்பினேன். அதற்குப் பிறகு நான் காட்டிய நல்ல மணிகளையும் சந்தேகத்தோடுதான் கையில் வாங்கிப் பார்த்தார்கள்.

4. தூசியை மறக்காதே. நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். அப்பா பாறையில் துளையிடும் வேலை செய்தார்; கடைசி வருஷங்களில் நாலு படி ஏற அவருக்கு மூச்சு போதவில்லை. அவர் பிள்ளையாக இருந்தும் பாதரசத்தைப் பற்றியே பேசிக்கொண்டு, அரவைக் கொட்டகையின் வெண்தூசியைப் பல மாதம் கடந்துபோனேன். நைஜீரியாவின் சம்ஃபாராவில் ஈயம் கலந்த தங்கக் கல்லை வீட்டு முற்றங்களில் மாவு எந்திரங்களில் அரைத்தார்கள். 2010இல் தெரியவந்த அந்த ஈயத் தூசியின் நஞ்சில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். தண்ணீர் விட்டு அரைக்கச் சொல். எந்திரம் வீட்டை விட்டுத் தள்ளி நிற்கட்டும். வேலைத்துணியோடு குழந்தையைத் தூக்க வேண்டாம் என்று தாய்மாரிடம் சொல். சொல்லும் குரலில் குற்றச்சாட்டு இருக்கக் கூடாது, கண்ணு. அவர்கள் தெரிந்து செய்ததில்லை.

5. எல்லாவற்றையும் ஒரே மழைக்காலத்தில் மாற்ற நினைக்காதே. பாதரசம் குறித்து 2013இல் நிறைவேறிய மினமாட்டா உடன்படிக்கை நான்கு பழக்கங்களை ஒழிக்கச் சொல்கிறது: அரைத்த கல் முழுவதிலும் பாதரசம் கலப்பது, திறந்த நெருப்பில் சுடுவது, குடியிருப்புப் பகுதியில் சுடுவது, பாதரசம் உள்ள கழிமணலை அப்படியே சயனைடில் இடுவது. வீட்டு அடுப்பில் சுடுவதை நான் முதலில் பிடித்துக்கொண்டேன். நீயும் அங்கே தொடங்கு.

6. ஆறு மாதம் கழித்துப் போனபோது, நான் கொடுத்த வாலை கூரையில் துருப்பிடித்துத் தொங்கியது. ஒரு திருகு உடைந்திருந்தது, அவ்வளவுதான். அந்தத் திருகு அந்த ஊரில் கிடைக்காது. பிறகு சந்தையில் விற்கும் தண்ணீர்க் குழாய்த் துண்டுகளை வைத்து அங்கிருந்த வெல்டரே ஒன்று செய்தார். என்னுடையதைவிடக் கனம், பார்க்க அழகில்லை, உடைந்தால் மறுநாளே சரியாகிவிடும். போய்ச் சேர்ந்ததும் முதலில் ஒரு நல்ல வெல்டரை விசாரி. அவர் பட்டறையில் உட்கார்ந்து ஒரு சாய் குடி.