சங்கிலிவாள் எஞ்சின்: வீட்டில் பழுதுபார்ப்போர் செய்யும் பிழைகள்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்தபோது, தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் எண்ணற்ற தென்னைகள் சாய்ந்தன. அவற்றை அறுத்து அகற்றுவதில் செயின்சா எனப்படும் சங்கிலிவாள் எத்துணை உதவியது என்பதைத் தென்னை வளர்ப்போர் அறிவர். அதன் எஞ்சினைப் பழுதுபார்க்கும் முறையில் நேரும் பிழைகளை இப்பாடத்தில் ஆராய்வோம்.

ஒரு சங்கத்தின் கணக்கைப் பார்வையிட்டபோது, ஒரே வாளுக்கு ஒரே பருவத்தில் மூன்று முறை பிஸ்டன் வாங்கிய பற்றுச்சீட்டுகளைக் கண்டேன். நிர்வாகக் குழுவினர்க்கு ஐயம் எழுந்திருந்தது. விசாரித்ததில் கையாடல் ஏதுமில்லை. கைத்திறன் மிக்க அங்கத்தினர் ஒருவர், சங்கத்திற்குச் செலவு குறையட்டும் என்ற நல்லெண்ணத்தோடு, தம் இல்லத்திலேயே எஞ்சினைப் பிரித்துப் பூட்டியிருந்தார். ஒவ்வொரு முறையும் சில நாட்கள் ஓடியபின் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொண்டது. உழைப்பும் போய், பெயரும் கெடும் நிலையில் அவர் மனம் நொந்திருந்தார்.

எஞ்சின் இயங்கும் முறை

இது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். இதில் எண்ணெய்க்கெனத் தனித் தொட்டி இல்லை. பெட்ரோலில் கலந்த எண்ணெயே உள்ளுறுப்புகளுக்கு வழவழப்பைத் தருகிறது. அக்கலவை முதலில் கிராங்க் அறைக்குள் புகுந்து, பின்னரே சிலிண்டருக்கு ஏறுகிறது. ஆதலின் கிராங்க் அறையில் ஊசிமுனை அளவு காற்றுக் கசிவும் இருத்தலாகாது. வெளிக்காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோலும் எண்ணெயும் குறையும், வெப்பம் மிகும், பிஸ்டன் உருகி ஒட்டும்.

முதற் பிழை: காரணம் காணாமல் உறுப்பை மாற்றுதல்

பாவில் ஒரே இடத்தில் இழை மீண்டும் மீண்டும் அறுமாயின், நெசவாளர் முடிச்சுப் போட்டுக்கொண்டே இரார். அச்சிலோ விழுதிலோ உள்ள குற்றத்தைத் தேடுவார். எஞ்சினுக்கும் அதுவே நெறி. பழைய பிஸ்டனை எறிந்துவிடாமல் உற்று நோக்குக. சுற்றிலும் கீறலாயின், பெட்ரோலில் எண்ணெய் சேராமை பெரும்பாலும் காரணமாகும். சைலென்சர்ப் பக்கத்தில் மட்டும் கீறலாயின், காற்றுக் கசிவையோ கார்புரேட்டரின் பிழையையோ ஐயுறுக. கார்புரேட்டர்ப் பக்கத்தில் தேய்வாயின், வடிகட்டி வழியே தூசி புகுந்திருக்கலாம்.

பூட்டியபின், ரப்பர்த் தகட்டால் இரு வாயில்களையும் அடைத்து, சதுர அங்குலத்திற்குச் சுமார் 7 பவுண்டு அழுத்தத்தில் காற்றேற்றிச் சோப்பு நீர் பூசினால், கசியும் இடத்தில் குமிழி தோன்றும். காற்றை உறிஞ்சியும் சோதித்தல் வேண்டும். அழுத்தத்தில் தாங்கும் ஆயில் சீல் உறிஞ்சுகையில் கசிவதுண்டு.

இரண்டாம் பிழை: சிலிண்டரைச் சுரண்டுதல்

பெரும்பாலான வாள்களின் சிலிண்டர் உட்சுவர் மெல்லிய கடினப் பூச்சு உடையது. ஒட்டியிருக்கும் அலுமினியத்தை முரட்டு உப்புத்தாளால் தேய்த்தால் பூச்சும் போய்விடும். துப்புரவு செய்தபின் பூச்சு உரிந்திருக்கக் கண்டால், சிலிண்டரை மாற்றுவதே முறை.

மூன்றாம் பிழை: கவனமின்றிப் பூட்டுதல்

பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலென்சர்ப் பக்கம் நோக்க வேண்டும். ரிங்கின் இரு முனைகளும் பள்ளத்திலுள்ள சிறு ஊசியின் இருபுறமும் அமைதல் வேண்டும். சிலிண்டரை இறக்குகையில் திருகலாகாது. திருகினால் ரிங் முனை வாயிலில் சிக்கி முறியும். பிஸ்டன் பின்னின் லாக் வளையங்களைப் புதியனவாகவே இடுக. அவ்வேளையில் கிராங்க் அறை வாயைத் தூய துணியால் மூடுக. தவறி உள்ளே விழுந்த வளையம் எஞ்சினையே அழிக்கும்.

நான்காம் பிழை: வன்மையைக் கையாளுதல்

கிளட்ச்சைக் கழற்ற, பிளக் துளையில் திருப்புளியைச் செருகிப் பிஸ்டனைத் தடுப்பவர் பிஸ்டனைத் துளைத்துவிடுகின்றனர். பிஸ்டன் மேலேறி வாயில் மூடியபின் மெல்லிய கயிற்றைத் திணித்தலே தக்கது. பெரும்பாலான வாள்களில் கிளட்ச்சின் மரை இடமரையாகும். வலஞ்சுழியாகத் திருப்பினாலே கழலும்.

ஐந்தாம் பிழை: ஒலியை நம்பிக் கார்புரேட்டரைத் திருகுதல்

கலவை குறையக் குறைய எஞ்சின் கிறீச்சிட்டு வேகமாக ஓடும். அதனை வலிமையென மயங்குதல் கூடாது. அது வெப்பம் மிகுதற்கு அறிகுறி. கைநூலில் குறித்த அளவிலேயே திருகுகளை நிறுத்துக. கைநூல் 50-க்கு 1 என்று கூறின், 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் அளந்தே ஊற்றுக, கண்மதிப்பு உதவாது.

மேற்கூறிய சங்கத்து வாளைச் சோதித்தபோது, பிளைவீல் பக்கத்து ஆயில் சீல் இறுகி வெடித்திருந்தது. மூன்று பிஸ்டன்களை விழுங்கியது அச்சிறு ரப்பர் வளையமே. அதனை மாற்றியபின் நான்காம் பிஸ்டன் நிலைத்தது. அந்த அங்கத்தினர் மீதிருந்த ஐயமும் அகன்றது. பொதுப் பொருளைப் பேணுவதற்கு நல்லெண்ணம் வேண்டும். அத்துடன் காரணம் காணும் பொறுமையும் வேண்டும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. கிராங்க் அறையில் காற்றுக் கசிந்தால் பிஸ்டன் ஏன் ஒட்டுகிறது?
2. பழைய பிஸ்டனின் கீறல்களிலிருந்து எவற்றை அறியலாம்?
3. நும் சங்கத்துக் கருவிகளுக்குப் பழுதின் காரணத்தையும் குறிக்கும் பதிவேடு உண்டா?