ஒல்லியான உடம்புக்கும் பக்கவாதம் வருமா?

கேள்வி: ஜப்பானியர்கள் மீன் சாப்பிடுகிறார்கள், ஒல்லியாக இருக்கிறார்கள். அவர்களையும் பக்கவாதம் வாட்டியதாகப் படித்தேன். எப்படி?

பதில்: வாட்டியது மட்டுமல்ல, 1951 முதல் 1980 வரை அந்த நாட்டில் அதிக உயிர்களைப் பறித்ததே பக்கவாதம்தான். வடக்கே, பனி கொட்டும் அகிதா பகுதியில் நிலைமை இன்னும் கொடுமை. நீண்ட குளிர்காலத்துக்குக் காய்கறியையும் மீனையும் உப்பில் ஊறவைத்தே சேமித்தார்கள். கூடவே, மிசோ என்ற உப்பு மிகுந்த சோயா விழுதில் செய்த சூப். 1950களில் அங்கே ஒருவர் தினமும் சாப்பிட்ட உப்பு 25 கிராமைத் தாண்டியது. உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ 5 கிராமுக்கும் குறைவு.

ரத்தத்தில் கொழுப்பு குறைவு என்பதால் மாரடைப்பு அவர்களுக்குக் குறைவாகவே வந்தது. ஆனால் அதிக உப்பு, ஒல்லியானவர்களுக்கும் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். ஏறிய அழுத்தம் மூளைக்குள் ஓடும் மெல்லிய தமனிகளை வருடக்கணக்கில் நலிவடையச் செய்து, ஒருநாள் வெடிக்க வைக்கிறது. பக்கவாதங்களில் இத்தகைய மூளை ரத்தக்கசிவின் பங்கு மேற்கு நாடுகளைவிடக் கிழக்கு ஆசியாவில் இன்றும் அதிகம்.

1960களிலிருந்து ஜப்பானில் ஊர் ஊராக ரத்த அழுத்தம் பார்த்தார்கள், மருந்து கொடுத்தார்கள், சமையலில் உப்பைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பக்கவாத மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. என்னைக் கேட்டால், பொதுச் சுகாதாரத்தின் மிகப் பெரிய வெற்றிகளில் இதுவும் ஒன்று.

நீங்களும் ஒல்லி என்றால், அதை நம்பி இருந்துவிடாதீர்கள். இந்த வாரமே ரத்த அழுத்தம் பாருங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தால், அளவு சரியாகிவிட்டதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.