வீட்டை அப்புறம் பார்

தாம்பா,
தை 3

அன்புள்ள முகிலனுக்கு,

அத்தை எழுதுவது. நீ அனுப்பிய வீட்டுப் படங்களை எல்லாம் பார்த்தேன். எல்லாவற்றிலும் வெள்ளை சோபா, எல்லாவற்றிலும் ஜன்னல் நிறையக் கடல். ஜூலையில் ஃப்ளோரிடாவின் சானிபெல் தீவில் மூன்று நாள், அங்கிருந்து அப்படியே ஆர்லாண்டோ என்று திட்டம் போட்டிருக்கிறாய். அண்ணனும் மதினியும் தூத்துக்குடியிலிருந்து கிளம்பி வருவதே பெரிய காரியம். போனில் சொன்னால் "சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் மாதத்தை மாற்று. ஜூலையில் வாடகை குறைவாக இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது, மத்தியானம் ஆனால் இடியும் மழையும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம் வேறு. பிப்ரவரி, மார்ச் என்றால் வானிலை அருமை. ஆனால் வடக்கே பனியில் கிடப்பவர்கள் எல்லாரும் அப்போது இங்கேதான் இருப்பார்கள். அந்தத் தீவில் டிராபிக் சிக்னல் ஒன்றுகூட வைக்கவில்லை, வைக்க விடவும் மாட்டார்கள். சாயங்காலம் கரைக்குத் திரும்புகிற வண்டிகள் பாலம்வரை வரிசை கட்டி நிற்கும். குட்டிக்கு இன்னும் பள்ளிக்கூடம் இல்லையே, உனக்கு என்ன கஷ்டம்? மே மாதத்து முதல் பாதியைப் பிடி. ஈஸ்டர் கூட்டம் போயிருக்கும், பெருமழை தொடங்கியிருக்காது, தண்ணீரும் வெதுவெதுப்பாக இருக்கும்.

மூன்று நாளும் வேண்டாம், ஒரு வாரம் எடு. எடுக்காமலும் முடியாது. 1974இல் அந்தத் தீவு தனி நகராட்சி ஆனதே அடுக்குமாடிகள் கடற்கரையை அடைத்துவிடக் கூடாது என்றுதான். வாடகைக்கும் அப்படியே கட்டுப்பாடு. தனி வீடுகள் இருக்கிற பெரும்பாலான தெருக்களில் நான்கு வாரத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. விடுதிப் பகுதி என்று ஒதுக்கிய இடங்களில்தான் வார வாடகை. அதுவும் பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. ஆகவே, குடியிருப்புத் தெருவில் மூன்று இரவுக்கு மலிவாக ஒரு வீடு என்று யாராவது காட்டினால் சந்தேகப்படு. அந்த மூன்றாவது படத்துக்காரரைத்தான் சொல்கிறேன்.

வாடகை என்று போட்டிருக்கிற எண்ணை நம்பிக் கணக்குப் போடாதே. துப்புரவுக் கட்டணம், முன்பதிவுத் தளத்தின் கட்டணம், அதற்கு மேல் மாநில விற்பனை வரி 6 சதவீதம், கவுண்டியின் சுற்றுலா வரி 5 சதவீதம், இன்னும் சில்லறை. கடைசித் திரையில் வருகிற மொத்தத்தை ஏழால் வகுத்துப் பார்த்துவிட்டு வீடுகளை ஒப்பிடு.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். 2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் அந்தப் பக்கம்தான் கரையேறியது. கரையிலிருந்து தீவுக்குப் போகிற பாலச்சாலை பல இடங்களில் அறுந்துபோனது. தரைத்தளங்களில் எல்லாம் கடல்நீர் புகுந்தது. பிறகு 2024இல் ஹெலீன், மில்டன் என்று இரண்டு புயல்கள் மறுபடி தண்ணீரை ஏற்றின. இடிந்ததைக் கட்டிவிட்டார்கள், கட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். நீ மயங்கிக் கிடக்கிற படம் எந்த வருஷத்தில் எடுத்தது? அதைக் கேள். நீச்சல்குளம் ஓடுகிறதா, பக்கத்து மனையில் வேலை நடக்கிறதா என்று கேள். காலை ஏழு மணிக்குச் சுத்தியல் சத்தத்தில் எழுந்திருக்கவா இவ்வளவு பணம்?

வெள்ளத்துக்குப் பயந்து அங்கே நிறைய வீடுகளைத் தூண்கள் மேல் கட்டியிருக்கிறார்கள். கீழே கார், மேலே வீடு. படத்தில் அழகாகத்தான் இருக்கும். மதினியின் முழங்காலை நினைத்துப் பார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குவாள்? லிஃப்ட் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று எழுத்தில் பதில் வாங்கு. அதைவிட முக்கியம், நீச்சல்குளத்தைச் சுற்றி வேலியும் குட்டிக்கு எட்டாத தாழ்ப்பாளும் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நல்ல பதில் வந்தால் கடல் தெரியாத வீடாக இருந்தாலும் எடுத்துவிடு. கடலுக்கு நடந்துபோகிற தூரம் இருந்தால் போதும். பொதுக் கடற்கரைகளில் வண்டி நிறுத்த மணிக்கணக்கில் காசு. இடமும் சீக்கிரம் நிறைந்துவிடும்.

மே மாதம் கடலாமைகள் முட்டையிட வரும் காலம். கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்துவிட வேண்டும், திரையை இழுத்துவிட வேண்டும், மணலில் டார்ச் அடிக்கக் கூடாது. வெளிச்சம் பட்டால் தாய் ஆமை முட்டையிடாமல் திரும்பிவிடும், குஞ்சுகள் திசை தவறிவிடும். குட்டி பகலில் தோண்டுகிற குழியையும் சாயங்காலமே மூடிவிடு. அண்ணனுக்கு ராத்திரி பால்கனி விளக்கைப் போட்டுப் பேப்பர் படிக்கிற பழக்கம் உண்டு, இப்போதே சொல்லி வை.

அண்ணனுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃப்ளோரிடா கரையோரத் தீவுகள் பெரும்பாலும் வடக்குத் தெற்காகக் கிடக்கும். சானிபெல் கிழக்கு மேற்காக வளைந்து கிடக்கிறது. அதனால் வளைகுடாவின் சிப்பியும் சங்கும் அங்கேதான் வந்து ஒதுங்கும். குனிந்த தலை நிமிராமல் நடக்கிறவர்களைக் கரை நெடுகப் பார்க்கலாம். அங்கே லைட்னிங் வெல்க் என்று ஒரு சங்கு கிடைக்கும். அது பிறப்பிலேயே நம் வலம்புரி மாதிரிச் சுற்றுகிறது. நம் கடலில் லேசில் கிடைக்காத சுற்று அங்கே சர்வ சாதாரணம். இதை மெருகேற்றி வலம்புரி என்று நம்மூரில் விற்கிறவர்களும் உண்டு. வாய்க்குள் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் இருந்தால்தான் அது நம் சங்கு. அண்ணன் பார்த்ததும் அள்ளிக்கொண்டு பூஜை அறைக்குக் கணக்குப் போடுவார். உள்ளே உயிர் இருந்தால் எடுக்கக் கூடாது, 1995 முதல் அங்கே அது சட்டம். வெறும் ஓட்டுக்குள் துறவி நண்டு குடியிருந்தாலும் வைத்துவிட வேண்டும். தட்டை வட்டமாகக் கிடக்கிற கடல் அப்பமும் நட்சத்திர மீனும் அப்படித்தான்.

கடல் வற்றுகிற நேரம் பார்த்துப் போனால்தான் சங்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் நல்லது. தேதியை அண்ணனே பஞ்சாங்கத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார். தண்ணீரில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொல். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். அதிர்வு பட்டால் ஒதுங்கிப் போய்விடும். நன்னீர்க் குளங்களின் ஓரம் குட்டியை விடவே விடாதே, முதலை இருக்கும். விடியலிலும் அந்தியிலும் கண்ணுக்குத் தெரியாத கொசு மாதிரி ஒன்று பிடுங்கும், மருந்து எடுத்துக்கொள்.

தீவில் பெரும்பகுதி காடும் சதுப்பும்தான். அதில் ஒரு பெரிய பகுதிக்கு 'டிங்' டார்லிங் வனவிலங்குச் சரணாலயம் என்று பெயர். டார்லிங் அரசியல் கேலிச்சித்திரக்காரர். இரண்டு முறை புலிட்சர் வாங்கியவர். நம்ம ஊர் பத்திரிகைக்காரர் யார் பெயரிலாவது காடு இருக்கிறதா, சொல் பார்ப்போம். உள்ளே காரிலேயே போகலாம், மதினி இறங்கவே வேண்டாம். வெள்ளிக்கிழமை அந்தப் பாதை மூடியிருக்கும். தண்ணீர் வற்றியிருக்கும்போது போனால் ரோஜா நிறத்துக் கரண்டிவாயன் பறவைகளைப் பார்க்க வாய்ப்பு அதிகம்.

பயணக் காப்பீட்டை முன்பதிவு செய்யும்போதே எடு. புயலுக்குப் பெயர் வைத்தபிறகு எடுத்தால் அந்தப் புயலுக்கு அது செல்லாது. மே மாதம் போவதால் தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஏதோ காரணத்தால் நீ ஜூலையிலேயே நின்றாயானால், தீவைக் காலி செய்யச் சொன்னால் பணம் திரும்புமா என்று ஒப்பந்தத்தில் தேடிப் பார். அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு தனியாக எடு. பெரிய ஆஸ்பத்திரி பாலத்துக்கு இந்தப் பக்கம்தான்.

அரிசி, பருப்பு, புளி எல்லாம் ஃபோர்ட் மயர்ஸிலேயே வாங்கிக்கொண்டு பாலம் ஏறு. தீவுக்குள் போகும்போது சுங்கம் உண்டு, வரும்போது இல்லை. குக்கரையும் இட்லிப் பாத்திரத்தையும் நான் கொண்டுவருகிறேன். சாவி சாயங்காலம்தான் தருவார்கள், அதுவரை மதிய சாப்பாடும் என் பொறுப்பு.

ஆர்லாண்டோவை அடுத்த வருஷத்துக்குத் தள்ளு. பணம் கட்டுவதற்கு முன்னால் ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பு. படுக்கை அறை எத்தனை என்று பார்க்கும்போது எங்களையும் சேர்த்து எண்ணு; மாமா சோபாவில் படுக்க மாட்டார்.

அன்புடன்,
அத்தை