கைபேசியிலேயே ஒரு பயிற்சி

கேள்வி: மறதிநோய் உள்ள என் மாமியார், மாலையானால் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்பிவிடுகிறார். "இதுதான் உங்க வீடு" என்றால் கோபப்படுகிறார். அவரைத் தனியே விட்டுப் பயிற்சி வகுப்புக்கும் போக முடியாது. என்ன செய்வது?

- வாசகி, திருச்சி

பதில்: உங்களைப் போன்றவர்களுக்காகவே உலக சுகாதார நிறுவனம் 2019-ல் 'ஐசப்போர்ட்' பயிற்சியை இணையத்தில் கொண்டுவந்தது. 5 பகுதிகள், 23 பாடங்கள். கையேடாகவும் இலவசமாகத் தரவிறக்கலாம். சாப்பிட வைப்பது, தூக்கமின்மை, சந்தேகம், வீட்டைவிட்டு அலைவது என எல்லாம் உண்டு. ஆனால் முதலில், பராமரிப்பவர் தன்னைக் கவனித்துக்கொள்வது பற்றிய பகுதியைப் படியுங்கள். அதைத்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள்.

மாமியாரோடு வாதாட வேண்டாம். அவர் தேடுவது பெரும்பாலும் பழகிய ஒரு நிம்மதியை. "அந்த வீட்டுல யாரெல்லாம் இருந்தாங்க, அத்தை?" என்று கேட்டுக்கொண்டே தெருமுனை வரை நடந்து திரும்புங்கள். இருட்டும் முன்பே விளக்கைப் போடுங்கள். பசியா, வலியா என்றும் பாருங்கள். குழப்பம் திடீரென்று கூடினால் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம்.

மனம் சோர்ந்தால் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். உங்கள் கணவரையும் அந்தப் பாடங்களைப் படிக்கச் சொல்லுங்கள். அவருடைய அம்மாவை நீங்கள் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை.