போரூர் பக்கம்தான், மாடிப்படிதான் தூரம்

சென்னையை ஒட்டிய நூம்பலில் இருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வந்துவிடும். வேலப்பன்சாவடிப் பக்கம் மருத்துவக் கல்லூரி, ஐயப்பன்தாங்கல் தாண்டிப் போனால் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா. அதனால் வீடியோவில் பிசியோதெரபி என்ற பேச்சை எடுத்தாலே, “அதெல்லாம் ஆஸ்பத்திரி இல்லாத ஊருக்கு, நமக்கு எதுக்கு?” என்கிறார்கள்.

முதலில் திருத்த வேண்டிய நம்பிக்கை இதுதான். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர், லிஃப்ட் இல்லாத வீட்டின் இரண்டாம் மாடியில் இருக்கிறார். வாரத்துக்கு மூன்று நாள் அவரைக் கைத்தாங்கலாக இறக்கி, ஆட்டோ பிடித்து, காத்திருந்து, திரும்ப மாடி ஏற்ற வேண்டும். மகனுக்கு ஒவ்வொரு முறையும் அரை நாள் லீவு. மூன்றாவது வாரம், “கொஞ்சம் பரவாயில்லை, அப்புறம் போய்க்கலாம்” என்று நின்றுவிடும். பயிற்சி நின்றால் தோள் இறுகிப்போகும், பிறகு சட்டை மாட்டுவதே பெரும்பாடு. ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்கிறோம், எத்தனை படி என்று பார்ப்பதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவது இதற்காகத்தான். அவர் வந்துபோன நாளுக்கும் அடுத்து வரும் நாளுக்கும் இடையில் பயிற்சி விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளப் போன் உதவும்.

அடுத்தது, “தொட்டுப் பார்க்காமல் என்ன வைத்தியம்?” என்ற கேள்வி. இதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட 65 பேரை வைத்து நடந்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. இணையவழிப் பயிற்சி பெற்றவர்கள், நேரில் போனவர்களுக்குக் குறையாமல் தேறியிருந்தார்கள். காரணம் எளிது. அந்தக் கட்டத்தில் முட்டியை மடக்குவதும் நீட்டுவதும் நோயாளியின் வேலை. பார்ப்பது, எண்ணுவது, திருத்துவது, அடுத்த படிக்கு ஏற்றுவது தெரபிஸ்டின் வேலை. ஆனால் கெண்டைக்காலில் திடீர் வலியும் வீக்கமும் வந்தாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ, நிற்கும்போது தள்ளாடினாலோ போனை வைத்துவிட்டு நேரில் போக வேண்டும். முதல் பரிசோதனையும் நேரில் நடப்பதே நல்லது என்பேன்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. அம்மாவின் முட்டிக்காக முதல் வீடியோ அழைப்பு. போனைத் துவரம்பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்தோம். பத்து நிமிஷம் அம்மாவின் முகம் மட்டும்தான் தெரிந்தது. “அம்மா, முகத்தைப் பாத்து முட்டி எவ்வளவு மடங்குதுன்னு நான் எப்படிம்மா சொல்றது?” என்றார் திரையில் இருந்த பிசியோதெரபிஸ்ட் பெண். போனை ஸ்டூலில் முட்டி உயரத்துக்கு இறக்கி, நாலு எட்டு தள்ளி, பக்கவாட்டில் வைத்தோம். ஜன்னல் வெளிச்சம் பின்னால் விழாதபடி நாற்காலியைத் திருப்பினோம். நைட்டியை முட்டிக்கு மேலே ஏற்றுமுன் அம்மா கேட்டார்: “அந்த ரூம்ல வேற யாராவது இருக்காங்களாம்மா?” அவர் தன் போனைச் சுற்றிலும் திருப்பிக் காலி அறையைக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அம்மா இயல்பாக உட்கார்ந்தார். அப்போது தெரபிஸ்ட் கண்ணில் பட்டது எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியின் உயரக்குறைவு. “ரெண்டு தலகாணி போட்டு உக்காருங்க, எழுந்திருக்கும்போது முட்டி இழுக்காது” என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்காரவைத்துப் பார்த்தால் இந்த நாற்காலி யாருக்குத் தெரியும்?

ஸ்பீச் தெரபி பற்றியும் ஒரு தப்பெண்ணம் உண்டு: குழந்தையைப் போன் முன்னால் உட்காரவைத்தால் பேச்சு வந்துவிடும் என்பது. சின்னக் குழந்தைக்குத் தெரபிஸ்ட் சொல்லித்தருவது பெரும்பாலும் தாய்க்குத்தான். எப்படிக் காத்திருப்பது, எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது என்று. காது கேட்கும் சோதனையிலும் இதே கதைதான். போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவின் செவித்திறன் நிபுணர்கள் கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்துக் குழந்தைகளின் காதைப் பரிசோதிக்கச் செய்தார்கள். அடுத்த கட்டச் சோதனையைத் தொலைவிலிருந்தே நடத்தினார்கள். 2018-ல் அந்த அனுபவத்தை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அது நடந்ததற்குக் காரணம், குழந்தை பக்கத்தில் பழகிய கை ஒன்று இருந்ததுதான்.

அதற்காக, “வீட்டுக்காரங்களே பாத்துப்பாங்க, யூடியூப் போதும்” என்று கிளம்பிவிடவும் கூடாது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளிடம் நடந்த ‘அட்டெண்ட்’ ஆய்வு 2017-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டில் அவர்களையே செய்யவைத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறப்பிலோ பிறரைச் சார்ந்திருப்பதிலோ வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட வித்தியாசமே இல்லை. பாசம் மட்டும் பயிற்சியாகிவிடாது. தேர்ந்த தெரபிஸ்டின் கண் வேண்டும், திரை வழியாகவாவது.

அந்தத் திரையில் வருபவர் யார் என்று கேட்கவும் தயங்காதீர்கள். 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் பதிவுபெற்ற மருத்துவர்களுக்கானவை. பிசியோதெரபி உள்ளிட்ட துறைகளுக்குத் தேசிய அளவில் தனிச் சட்டம் 2021-ல்தான் வந்தது. படிப்பையும் பதிவையும் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

மருத்துவமனைகளிடம் ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் நாளன்று மருந்துச் சீட்டோடு அனுப்பிவிடாதீர்கள். வார்டில் இருக்கும்போதே, வீட்டில் கவனித்துக்கொள்ளப் போகிறவரின் போனில் ஒரு வீடியோ அழைப்பைப் பழக்கிக் காட்டுங்கள். போனை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் திரும்பி உட்காருவது, எந்த வலி வந்தால் உடனே கிளம்பி வருவது என்று. கால் மணி நேரம் போதும்.