அட்டைப் பெட்டியின் மேல் ‘ஆர்ஓஹெச்எஸ்’: அந்த நான்கு எழுத்துக்கு என்ன அர்த்தம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் பவர் கேபிளையும் வாரண்டி கார்டையும்தான் முதலில் தேடுவார்கள். பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் சின்னங்களை யாரும் படிப்பதில்லை. இன்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மதர்போர்டு, மானிட்டர், மவுஸ், சாதாரண யுஎஸ்பி கேபிள் என்று ஏதாவது ஒன்றின் மேல் ஆர், ஓ, ஹெச், எஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துக்கள் இருக்கும். இரண்டாவது எழுத்தான ‘ஓ’ மட்டும் சின்ன எழுத்தில் இருக்கும். பக்கத்தில் சில கம்பெனிகள் ஒரு பச்சை இலையையும் போட்டிருப்பார்கள்.

ரெஸ்ட்ரிக்ஷன் ஆஃப் ஹசார்டஸ் சப்ஸ்டன்ஸஸ் என்பதன் சுருக்கம் அது. அபாயகரமான பொருட்களுக்குக் கட்டுப்பாடு என்று அர்த்தம். எங்கள் வட்டாரத்தில் சுருக்கமாக ‘ரோஸ்’ என்போம். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு சாஃப்ட்வேர் வேலைக்கு வந்தவன். ஒரு கம்பெனி தயாரிக்கும் பொருளில் உள்ள ஒவ்வொரு உதிரிபாகமும் இந்த விதிக்கு உட்பட்டதா என்று சரிபார்க்கும் சாஃப்ட்வேரை எழுதுவதுதான் சில வருடங்களாக என் வேலை. அதனால் இந்த நான்கு எழுத்துக்களுடன் தினமும் குடித்தனம் நடத்துகிறேன்.

எங்கிருந்து வந்தது?

2001 டிசம்பரில் நெதர்லாந்தில் நடந்த ஒரு விஷயம் எலக்ட்ரானிக்ஸ் தொழிலையே உலுக்கியது. கிறிஸ்துமஸ் விற்பனைக்காக வந்திருந்த சோனியின் பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவிகள், சுமார் 13 லட்சம் பெட்டிகள், அந்நாட்டு அதிகாரிகளால் தடுத்து நிறுத்தப்பட்டன. காரணம் உள்ளே இருந்த சிப் அல்ல, கேபிள். அதில் காட்மியம் என்ற உலோகம் நெதர்லாந்து சட்டம் அனுமதித்த அளவைவிட அதிகமாக இருந்தது. கேபிளை சோனி தானே தயாரிக்கவில்லை, யாரோ ஒரு சப்ளையரிடம் வாங்கியிருந்தது. அதன் பிறகுதான் தனக்கு உதிரிபாகம் தருபவர்களை நேரில் சோதித்து அங்கீகரிக்கும் முறையை அது கொண்டுவந்தது.

ஐரோப்பிய யூனியன் 2003 ஜனவரியில் நாடுகள் அனைத்துக்கும் பொதுவான சட்டத்தை நிறைவேற்றியது. 2006 ஜூலை 1 முதல் அது அமலுக்கு வந்தது. ஐரோப்பாவுக்கு ஒரு மாடல், நமக்கு ஒரு மாடல் என்று இரண்டு தயாரிப்பு வரிசைகளை நடத்துவது செலவு பிடித்த வேலை. அதனால் பெரிய கம்பெனிகள் பலவும் எல்லா நாடுகளுக்கும் ஒரே மாதிரி தயாரிக்க ஆரம்பித்தன. சீனா 2007 மார்ச்சில் தன் விதியைக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2011-ல் வெளியான மின்னணுக் கழிவு விதிகளிலேயே இந்தக் கட்டுப்பாடு எழுதப்பட்டது. கம்பெனிகளுக்கு அவகாசம் கொடுத்து 2014 மே 1 முதல் அமலாயிற்று. இப்போது நடப்பில் இருப்பவை 2022-ல் வெளியாகி 2023 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த விதிகள். அவற்றிலும் இது தொடர்கிறது.

ஆறு பொருட்கள், பிறகு நான்கு

ஐரோப்பாவின் முதல் பட்டியலில் ஆறு பொருட்கள் இருந்தன. நம் நாட்டுப் பட்டியலும் அதே ஆறுதான்.

முதலாவது காரீயம். நம் வீட்டுப் பேச்சில் ‘ஈயம்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதனால் ஒரு குழப்பம் வருகிறது. பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பு உண்மையில் வெள்ளீயத்தில் செய்தது, அது டின். தடை செய்யப்பட்டிருப்பது காரீயம், அதாவது லெட். இரண்டும் வேறு வேறு உலோகங்கள். சோல்டர் கம்பியில் முன்பு இந்த இரண்டும் கலந்திருந்தன: 63 சதவிகிதம் வெள்ளீயம், 37 சதவிகிதம் காரீயம். இப்போது காரீயத்தை எடுத்துவிட்டு வெள்ளீயத்துடன் கொஞ்சம் வெள்ளியும் தாமிரமும் சேர்க்கிறார்கள். ஆகவே பாட்டியின் சொம்புக்கு ஆபத்தில்லை, அது கலப்படம் இல்லாததாக இருந்தால்.

இரண்டாவது பாதரசம். பழைய எல்சிடி மானிட்டர்களிலும் லேப்டாப்களிலும் திரைக்குப் பின்னால் மெல்லிய டியூப்லைட் போன்ற விளக்கு இருந்தது. பாதரசம் அதற்குள் இருந்தது. எல்இடி விளக்கு வந்த பிறகு அது தேவையில்லாமல் போனது. மூன்றாவது காட்மியம். பிளாஸ்டிக்கின் நிறமிகளிலும் சுவிட்ச் முனைகளிலும் பயன்பட்டது. நான்காவது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். பழைய கேபினெட்டைத் திறந்தால் சில ஸ்குரூக்கள் மஞ்சளும் வானவில்லும் கலந்தாற்போல மின்னும், பார்த்திருக்கிறீர்களா? துரு பிடிக்காமல் இருக்கப் பூசிய அந்தப் பூச்சில்தான் அது இருந்தது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமியத் தொழிற்சாலையின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதையைப் படித்தவர்களுக்கு இந்தப் பொருளை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மீதி இரண்டும் பிளாஸ்டிக் எளிதில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் வகை ரசாயனங்கள். பழைய மானிட்டர்களின் பின்பக்க மூடியில் இவை கலந்திருக்கும்.

கேபிள்களை வளையும்படி மென்மையாக்கும் தாலேட் என்ற ரசாயனங்களில் நான்கை ஐரோப்பா 2015-ல் பட்டியலில் சேர்த்தது. கம்ப்யூட்டர் உள்ளிட்ட பெரும்பாலான பொருட்களுக்கு 2019 ஜூலை 22 முதல் அது அமலாயிற்று.

ஒரு கணக்குப் போடுவோம்

அளவு என்ன? காட்மியத்துக்கு 0.01 சதவிகிதம், மற்றவற்றுக்கு 0.1 சதவிகிதம். எதில் 0.1 சதவிகிதம் என்பதில்தான் சட்டத்தின் உயிர் இருக்கிறது.

உதாரணத்துக்கு எட்டுக் கிலோ எடையுள்ள ஒரு கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம். அதில் 20 கிராம் பழைய வகை சோல்டர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 37 சதவிகிதம் காரீயம் என்றால் 7.4 கிராம். எக்செல் திறந்து ஏ1 கட்டத்தில் 7.4, பி1 கட்டத்தில் 8000 என்று கொடுங்கள். ஏ1-ஐ பி1-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் விடை 0.0925. அதாவது 0.1-க்குக் கீழே. கம்ப்யூட்டர் பாஸ்!

இப்படித்தான் கணக்கிட வேண்டும் என்றிருந்தால் எந்தக் கம்பெனியும் எதையும் மாற்றியிருக்காது. இரும்புக் கேபினெட்டைக் கொஞ்சம் கனமாக்கினால் போதும். அதனால்தான் சட்டம் ‘ஒருபடித்தான பொருள்’ என்கிறது. வெட்டியோ அரைத்தோ சுரண்டியோ வேறு வேறு பொருட்களாகப் பிரிக்க முடியாத கடைசி அடுக்கு அது. ஒரு கேபிளை எடுத்தால் மேலுறை தனி, உள்ளே தாமிரக் கம்பி தனி, முனையில் உள்ள முலாம் தனி. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தேற வேண்டும். பி1 கட்டத்தில் இப்போது 8000-க்குப் பதில் 20 கொடுத்துப் பாருங்கள். விடை 37. அனுமதித்த அளவைப்போல 370 மடங்கு.

இந்த ஒரு வரையறைதான் எனக்குச் சம்பளம் தருகிறது என்று நண்பர்களிடம் சொல்வதுண்டு. ஒரு மதர்போர்டில் நூற்றுக்கணக்கான உதிரிபாகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பிரித்தால் பல அடுக்குகள். அத்தனை அடுக்குகளுக்கும் அந்தந்த சப்ளையரிடமிருந்து எழுத்துபூர்வமான உறுதிமொழி வாங்க வேண்டும். எங்கள் சாஃப்ட்வேர் இந்தப் பட்டியலைக் குடும்ப மரம் போல அமைத்துக்கொள்ளும். ஒரு கிளையில் ஒரு அடுக்கு தேறாவிட்டாலும் மொத்த மரமும் ஃபெயில்.

இதில் இரண்டு தொல்லைகள். காரீயம் உள்ள பாகத்துக்கும் இல்லாத பாகத்துக்கும் பார்ட் நம்பரில் கடைசி ஓர் எழுத்து மட்டுமே வித்தியாசம் இருப்பது சகஜம். அடுத்தது விதிவிலக்குகள். மாற்று கிடைக்காத இடங்களில் சட்டம் சலுகை தருகிறது. ஆனால் சலுகைக்குக் காலாவதித் தேதி உண்டு. சிஎஃப்எல் பல்புகளில் பாதரசத்துக்கு இருந்த சலுகை ஐரோப்பாவில் 2023-ல் முடிந்தது. பல்பில் எதுவும் மாறவில்லை. நேற்றுச் சந்தைக்கு அனுப்பலாம், இன்று அனுப்பக்கூடாது. அதனால் எங்கள் டேட்டாபேஸில் ‘தேறியது’ என்று மட்டும் எழுதுவதில்லை, ‘எந்தத் தேதி வரை தேறியது’ என்றும் எழுதுகிறோம்.

காகிதம் சொல்வதும் ஸ்குரூ சொல்வதும்

உறுதிமொழி வாங்கிவிட்டால் போதுமா? போதாது. எங்கள் சாஃப்ட்வேரைப் பயன்படுத்தும் ஒரு தொழிற்சாலையில் ஏற்றுமதிக்குத் தயாரான பெட்டிகள் ஒருநாள் அப்படியே நின்றுவிட்டன. கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் பச்சை. ஆனால் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒரு அம்மா புதிதாக வந்த ஸ்குரூக்களைக் கையில் வைத்துக்கொண்டு, “இது ஏன் சார் மஞ்சளா இருக்கு?” என்று கேட்டார். எக்ஸ்ரே கருவியில் வைத்தார்கள். குரோமியம் இருக்கிறது என்றது. அந்தக் கருவிக்கு அவ்வளவுதான் தெரியும். அது கெட்ட குரோமியமா, சட்டம் அனுமதிக்கும் மூன்று இணைதிறன் குரோமியமா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. அதற்கு ரசாயனச் சோதனை வேண்டும். ஸ்குரூக்களைக் கொதிநீரில் போட்டு எடுத்து, அந்த நீரில் மருந்தை விட்டார்கள். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம் வந்தது. சப்ளையருக்கு முலாம் பூசிக் கொடுத்த சின்னப் பட்டறை சொல்லாமல் கொள்ளாமல் பழைய கரைசலுக்குத் திரும்பியிருந்தது. அத்தனை பெட்டிகளையும் பிரித்து ஸ்குரூ மாற்றினார்கள். ஒரு ஸ்குரூவின் விலை ஒரு ரூபாய்கூட இருக்காது.

என் சாஃப்ட்வேரைவிட அந்த அம்மாவின் கண் கெட்டி என்று அன்றே ஒப்புக்கொண்டேன். அதன்பின் அந்தத் தொழிற்சாலையில் புதிய லாட் வந்தால் சோதனை முடிவைப் பதிவு செய்யாமல் பச்சை விளக்கு எரியாதபடி மாற்றிவிட்டோம்.

காரீயத்தை எடுத்ததில் நஷ்டமே இல்லையா?

இருக்கிறது. பழைய சோல்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். புதியது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். போர்டும் சிப்பும் கூடுதல் சூட்டைத் தாங்க வேண்டும் என்பதால் பல பாகங்களை மாற்றி வடிவமைக்க வேண்டியிருந்தது. சுத்தமான வெள்ளீயப் பூச்சிலிருந்து நாளடைவில் தலைமுடியைவிட மெல்லிய உலோக இழைகள் தானாக முளைக்கும் பிரச்சினையும் உண்டு. பக்கத்துக் காலைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். கொஞ்சம் காரீயம் சேர்ந்தால் இந்த முளைப்பு அடங்கிவிடும். விமானம், விண்வெளித் துறையினர் காரீய சோல்டரை விடத் தயங்கியது இதனால்தான்.

உங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம் ரிப்பேர். காரீயம் இல்லாத சோல்டர் பளபளக்காது, கொஞ்சம் மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். பழகாத மெக்கானிக் இதைப் பார்த்து ‘டிரை சோல்டர்’ என்று நினைத்து நன்றாக இருக்கும் இணைப்பையும் மறுபடி உருக்குவார். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விவரமான மெக்கானிக்குகளுக்கு இது அத்துப்படி. உங்கள் ஊரில் கொடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் லேபிள். பச்சை இலைச் சின்னம் அந்தந்தக் கம்பெனி தானே வரைந்துகொள்வது. ஐரோப்பியச் சட்டம் அப்படி ஒரு சின்னத்தைக் கேட்கவில்லை. 2013 முதல் அங்கே ‘சிஇ’ முத்திரையே இதற்கும் சேர்த்துத்தான். நம் நாட்டில் விதிக்கு உட்பட்டது என்ற அறிவிப்பைப் பொருளுடன் வரும் கையேட்டில் தர வேண்டும். கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும். பெயர் தெரியாத சார்ஜரிலும் கேபிளிலும் கையேடே இருக்காது. விலை குறைவு என்று அவற்றை வாங்கி, கைக்குழந்தை கடித்து விளையாடும் இடத்தில் தொங்கவிடுவது நல்லதல்ல. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

2006-க்கு முந்தைய பழைய கம்ப்யூட்டரைச் சும்மா மேஜை மேல் வைத்திருப்பதால் ஆபத்தில்லை. உடைப்பதும் எரிப்பதும்தான் ஆபத்து. தாமிரத்துக்காகக் கேபிளை எரிப்பவர்களிடம் அதைக் கொடுக்காதீர்கள். தயாரித்த கம்பெனியின் சேகரிப்பு மையம் எங்கே என்று கஸ்டமர் கேரில் கேளுங்கள். வீட்டில் சோல்டரிங் பழகும் மாணவர்களுக்கு: புகை பெரும்பாலும் ஃப்ளக்ஸ் எரிவதால் வருவது, அதுவும் மூச்சுக்கு நல்லதல்ல. காரீயம் உடலுக்குள் போவது முக்கியமாகக் கை வழியாக. சோல்டர் கம்பியைப் பல்லால் கடித்து இழுக்கும் பழக்கத்தை விடுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

இத்தனை சொன்ன பிறகு யுபிஎஸ்ஸைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அதன் உள்ளே இருக்கும் பேட்டரி காரீயத் தகடுகளால் ஆனது, கிலோக் கணக்கில். பேட்டரிக்குத் தனிச் சட்டம் என்பதால் இந்த விதி அதைத் தொடாது. பேட்டரி செத்துவிட்டால் புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து எக்ஸ்சேஞ்ச் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். தலைகீழாகக் கவிழ்த்து எடுத்துப் போகாதீர்கள், உள்ளே ஆசிட் இருக்கிறது.