கோழிக்குஞ்சுத் தீவனம்: நொய்யா, கம்பெனி மூட்டையா?

உத்திரமேரூர், சாலவாக்கம், மானாம்பதி பக்கத்துக் கிராமங்களில் மளிகைக்கடை வைத்திருக்கும் நம்மில் பலரும் நொய், தவிடு, கம்பு, புண்ணாக்கு இவற்றோடு கம்பெனிக் கோழித் தீவனத்தையும் சில்லறையாக நிறுத்துக் கொடுக்கிறோம். "குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனம் போடுங்கண்ணே" என்று கேட்டு ஓர் அம்மா வருவார். திறந்திருக்கிற மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுத்துக் காசை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். நாலு நாள் கழித்து, "உங்க கடைத் தீவனம் போட்டேன், குஞ்சு செத்துப்போச்சு" என்று அதே அம்மா வந்து நின்றால் நமக்குப் பதில் தெரிவதில்லை. அந்தப் பதிலைத் தெரிந்துகொள்வதற்காகவே இந்தப் பாடம்.

குஞ்சுக்கு என்ன தேவை?

வளர்ந்த கோழி கொல்லையில் மேய்ந்து, புழு பூச்சி பொறுக்கித் தன் குறையைத் தானே நிரப்பிக் கொள்ளும். குஞ்சுக்கு அந்தச் சாமர்த்தியம் வர நாளாகும். ஆனால் உடம்பு வேகமாக வளர்வதும், இறகு முளைப்பதும் அந்த முதல் எட்டு வாரத்தில்தான். எனவே அப்போது புரதச்சத்து அதிகம் வேண்டும். முட்டைக்கோழிக் குஞ்சின் தீவனத்தில், முதல் எட்டு வாரத்துக்கு, நூற்றுக்கு 20 பங்கு புரதம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவு. அதற்குப் பிந்திய வளரும் பருவத்துக்கு 16 பங்கு போதும்.

நம் கடைச் சரக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். நொய்யில் சுமார் 8 பங்கு, கம்பில் 10 அல்லது 11 பங்கு, அரிசித் தவிட்டில் சுமார் 12 பங்கு, கடலைப் புண்ணாக்கில் 40 பங்குக்கு மேல். ஆக, நொய்யை மட்டும் இறைத்தால் குஞ்சின் வயிறு நிறையும், உடம்பு தேறாது.

நொய்யும் தவிடும் சொல்லும் கதை

இதை உலகத்துக்குக் காட்டியவையே கோழிகள்தான். 1890ஆம் ஆண்டை ஒட்டி, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தேவியாவில் எய்க்மான் என்ற டச்சு மருத்துவரின் ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் விளங்காமல் விழுந்தன. ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய, நன்றாகத் தீட்டிய அரிசிச் சோறே அவற்றுக்குத் தீனியாக இருந்தது. தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டோடு போய்விட்ட சத்துதான் பி1 வைட்டமின் என்பது பின்னாளில் தெளிவாயிற்று. இந்தப் பணிக்காக எய்க்மானுக்கு 1929ல் நோபல் பரிசு கிடைத்தது. நெல் விளையும் நம் பகுதியில் நொய்யும் தவிடும் ஒரே மில்லிலிருந்து வருகின்றன. நொய் வாங்குபவரிடம் "கொஞ்சம் புதுத் தவிடும் சேர்த்துப் போடுங்க" என்று சொல்வது வெறும் வியாபாரப் பேச்சல்ல.

விலையில் எது லாபம்?

நொய்தான் மலிவு என்று தோன்றும். கணக்குக்காக நொய் கிலோ 20 ரூபாய், குஞ்சுத் தீவனம் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். ஒரு கிலோ நொய்யில் 80 கிராம் புரதம், ஒரு கிலோ தீவனத்தில் 200 கிராம். 100 கிராம் புரதத்துக்கு நொய்யில் 25 ரூபாய் ஆகிறது, தீவனத்தில் 20 ரூபாய்தான். அன்றைய விலையைப் போட்டு இப்படிக் கணக்குப் பார்த்துச் சொன்னால் வாடிக்கையாளர் நம்மை நம்புவார்.

அதற்காகக் கம்பெனி மூட்டையே கதி என்றும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலேயே கலக்க விரும்புபவருக்கு 100 கிலோவுக்கு ஒரு கணக்கு: ரவை போல உடைத்த நொய் அல்லது கம்பு 50 கிலோ, தவிடு 13, கடலைப் புண்ணாக்கு 25, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் 10, கோழிக்கான தாது உப்புக் கலவை 2 கிலோ. இதில் புரதம் 20 கிலோவுக்குச் சற்று மேல் வரும். இவ்வளவு வேண்டாதவர் இதே விகிதத்தில் 10 கிலோ கலக்கலாம். புண்ணாக்குப் புரதத்தில் சில பகுதிகள் குறைவு என்பதால்தான் கருவாடு சேர்க்கிறோம். பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரையும், சாணமும் ஓலையும் திணித்துக் கவிழ்த்து வைத்த பழைய பானையில் மறுநாள் கிடைக்கும் கரையானும் காசில்லாமல் வரும் நல்ல துணைத் தீனி.

கடைக்காரர் செய்யும் நான்கு தவறுகள்

1. முட்டையிடும் கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குக் கொடுப்பது. முட்டை ஓட்டுக்காக அதில் சுண்ணாம்புச்சத்து 3 பங்குக்கு மேல் இருக்கும். குஞ்சுக்கு 1 பங்கே போதும். மிஞ்சிய சுண்ணாம்பு குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

2. உப்புக் கருவாட்டுத் தூளைக் கோழிக்கென்று விற்பது. உப்பு மிஞ்சினால் குஞ்சு தண்ணீராய்க் குடித்துக் குடித்துச் செத்துப் போகும்.

3. மாட்டுத் தீவனத்தைக் "கோழிக்கும் போடலாம்" என்று சொல்வது. மாடு செரிக்கும் நாரைக் குஞ்சு செரிக்காது. சில மாட்டுத் தீவனங்களில் யூரியாவும் சேர்ப்பதுண்டு.

4. பூஞ்சை பிடித்த புண்ணாக்கைக் காயவைத்து விற்பது. இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

பூஞ்சைப் புண்ணாக்கு

1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களில் மாண்டன. காரணம் தெரியாமல் அதை "எக்ஸ்" நோய் என்றே அழைத்தார்கள். தேடிப் பார்த்ததில், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்ற பெயர் அப்போது வந்ததுதான். அந்த நஞ்சு ஈரலைத் தாக்கும். வெயிலில் காயவைத்தாலும், வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. பூஞ்சையைத் துடைத்துவிட்டாலும் நஞ்சு உள்ளேயே இருக்கும்.

நம் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் இதற்குப் பெரிய பகை. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். முதலில் வந்த சரக்கை முதலில் விற்க வேண்டும். கட்டி தட்டினாலோ, பச்சை அல்லது மஞ்சள் படர்ந்தாலோ, மக்கல் வாடை வந்தாலோ அந்தச் சரக்கை ஒதுக்கிவிட வேண்டும். அந்த மூட்டையின் நஷ்டத்தைத் தாங்கிக் கொள்ளலாம், ஊரில் பெயர் கெட்டால் தாங்க முடியாது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் காறிப்போகும். மழை நாளில் கொஞ்சம் கொஞ்சமாகவே மில்லிலிருந்து எடுப்பது நல்லது.

மூட்டையைப் பிரித்த பிறகு

கம்பெனித் தீவன மூட்டையில் எந்த வயதுக்கானது, என்று தயாரித்தது என்பதெல்லாம் அச்சிட்டிருக்கும். நாம் மூட்டையைப் பிரித்துக் கிலோக் கணக்கில் விற்கும்போது அந்த விவரம் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேருவதில்லை. அவருக்கு நம் வாய்ச் சொல்தான் லேபிள். ஆகவே ஒரே டின்னில் இரண்டு வகைத் தீவனத்தைக் கொட்டக் கூடாது. பொட்டலத்தின் மேல் "குஞ்சுத் தீவனம், 8 வாரம் வரை" என்று பேனாவால் எழுதிக் கொடுக்க ஒரு நிமிடம் கூட ஆகாது.

எடை போடும் முன் "எத்தனை நாள் குஞ்சும்மா? அடைச்சு வளர்க்கிறீங்களா, மேய விடுறீங்களா?" என்று கேளுங்கள். அடைத்து வளர்க்கும் குஞ்சு என்றால் எட்டு வாரம் வரை முழுத் தீவனம், கம்பெனியுடையதோ சரியாகக் கலந்ததோ, அவசியம். தாயோடு மேயும் குஞ்சுக்கும் முதல் நாலு வாரமாவது அதைக் கொடுக்கச் சொல்லலாம். பிறகு ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக நொய், கம்பு, தவிட்டுக்கு மாற்றிக் கொள்ளலாம். மேயும் பெரிய கோழிக்கு நம் நாட்டுத் தானியமே போதும்.

மேலும் விவரம் வேண்டுவோர் செங்கல்பட்டு மாவட்டம் கட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். 1989ல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது அது.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூர்ச் சபை பொன்னைக் கவனிக்கத் தனி வாரியமே வைத்திருந்தது என்று கல்வெட்டு சொல்கிறது. இருபது குஞ்சு வாங்கி விட்டிருக்கிற அம்மாவுக்கு அந்தக் குஞ்சுகள்தான் பொன். நம் கடைத் தராசில் ஏறும் தீவனத்தையும் அந்தக் கவனத்தோடு நாம் பார்த்துக் கொடுக்க வேண்டும்.